செவ்வாய்க்கிழமைக் கப்பல்

அக்காவின் கப்பல் செவ்வாய்க்கிழமை கிளம்புகிறது என்று ஏஜெண்டு ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. பயணிகள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் சென்னைத் துறைமுகத்தில் இருக்க வேண்டும். பகல் ஒரு மணிக்குக் கதவை மூடிவிடுவார்கள். நாலு மணிக்குக் கப்பல் நகரும். இங்கிலீஷில் இருந்த அந்தக் கடிதத்தை வாசிக்கத் தெரிந்தவன் எங்கள் வீட்டில் நான் ஒருவன்தான். அதனால் காஞ்சிபுரத்தை விட்டு என்றைக்குக் கிளம்புவது என்று சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழுந்தது என்று சொல்வதுகூடப் பொய். நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

அறுபதுகளின் கடைசி அது. அக்காவின் வீட்டுக்காரர் பினாங்கில் ஒரு ஜவுளிக் கடையில் வேலைக்குப் போய் நாலு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அவர் கப்பலேறும்போது அக்காவுக்கு ஆறு மாதம். பிறந்த பெண் குழந்தை அப்பாவைப் போட்டோவில்தான் பார்த்திருந்தாள். யார் வீட்டுக்குப் போனாலும் சுவரில் மாட்டியிருக்கும் ஆண் படத்தைக் காட்டி, "இதுவும் அப்பாவா?" என்று கேட்பாள். மாமா அங்கே பல வாசல் ஏறி இறங்கி, இரண்டு பேருக்கும் அந்த ஊரில் இறங்க அனுமதிச் சீட்டு வாங்கி அனுப்பியிருந்தார். அதற்கு ஒரு கெடு உண்டு. இந்தக் கப்பலில் போனால் கெடுவுக்குள் போய்ச் சேரலாம். விட்டால் சீட்டு செல்லாது, மறுபடி முதலிலிருந்து மனுப் போட வேண்டும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கப்பல் பிடிக்கப் போகிறவர்கள் ஒரு நாள் முன்னாலேயே பட்டணத்தில் போய் இருக்க வேண்டும். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை. பஸ் பஞ்சராகும், குழந்தைக்குக் காய்ச்சல் வரும், ஏதாவது ஒரு காகிதம் குறையும். பஸ் போனால் அடுத்த பஸ் வரும், கப்பல் அப்படி வராது. தங்குவதற்கும் இடம் இருந்தது. கல்லூரியில் என்னோடு படித்த நண்பனின் வீடு மண்ணடியில். துறைமுகத்துக்குப் பத்து நிமிஷ நடை. "அக்காவைக் கூட்டிக்கொண்டு இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு, அம்மா பார்க்க ஆசைப்படுகிறாள்" என்று அவனே எழுதியிருந்தான். வீட்டில் எல்லோருக்கும் அந்தக் கடிதத்தில் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை.

காரணம் இதுதான். எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். நைனா, அதாவது என் அப்பா, ஒரு பட்டுக் கடை மொதலாளிக்குக் கூலிக்கு நெய்துகொண்டிருந்தார். அம்மாவும் அக்காவும் கூடமாட வேலை செய்தார்கள். நான் ஸ்காலர்ஷிப்பில் சென்னைக்குப் படிக்கப் போனேன். முதல் வாரத்திலேயே பெரிய இரும்புக் கடைக்காரரின் மகனான அந்த நண்பன் என்னிடம் சாதாரணமாகக் கேட்டான். "உங்கப்பா என்ன பண்றாரு?" நான் "காஞ்சிபுரத்துல பட்டுக் கடை" என்றேன். கேட்டவன் எதையும் எதிர்பார்த்துக் கேட்கவில்லை. நெசவு என்று சொல்லியிருந்தால் "அப்படியா" என்றிருப்பான், அவ்வளவுதான். என் நாக்கு அதற்கு முன்பே புரண்டுவிட்டது. அப்புறம் நாலு வருஷம் அந்தக் கடையை நான் கட்டிக்கொண்டே போனேன். எங்கள் மொதலாளியின் கடை எனக்கு மனப்பாடம். அங்கே இருந்த கண்ணாடி பீரோ, வெள்ளை மெத்தை, வாசலில் நிற்கும் கறுப்புக் கார், கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த டெலிபோன் எல்லாவற்றையும் எங்களுடையதாக்கிவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்காவது ஒரு பூசணிக்காய்தான். நான் ஒரு தறியையே மறைத்தேன்.

அக்காவுக்குப் பொய் வராது. யாராவது "என்னம்மா பண்றீங்க?" என்றால், "நான் தார் சுத்துவேன்மா, அம்மாவும் நானும்தான் நைனாவுக்கு நூலு தயார் பண்றது" என்று வாய் நிறையச் சொல்லுவாள். அவளுடைய வலது கை விரல்கள் தார்க்குச்சியில் சுற்றும் நூல் ஓடி ஓடிக் காய்த்திருக்கும். நண்பனின் அம்மாவோடு ஒரு வேளை உட்கார்ந்து காய் நறுக்கினால் போதும், என் கடை இடிந்து விழுந்துவிடும். அந்த ஒரு வேளையை எப்படித் தவிர்ப்பது என்பதுதான் என் கவலை. கப்பல் அப்புறம்தான்.

வீட்டில் பேச்சு நடந்தது.

"செவ்வாக்கெழம பொண்ண வாசப்படி தாண்ட வுடமாட்டேன்" என்றாள் அம்மா. "செவ்வாய் வெறுவாய்."

"அப்ப திங்கக்கெழம போவட்டும்" என்றார் நைனா.

"திங்கக்கெழம கெழக்கால சூலம். பட்டணம் எந்தப் பக்கம் இருக்குது? கெழக்காலதானே?"

நைனா யோசித்தார். "அப்ப ஞாயித்துக்கெழமயே கெளம்பிடுங்க. ரெண்டு நாளு அந்தப் புள்ள வூட்ல இருந்துட்டு நிதானமா ஏறட்டும்."

ஒரு வேளைக்கே பயந்தவனுக்கு இரண்டு நாள். தப்பிக்க வழி தேடினேன். கல்லூரியில் நான் கேலி செய்துகொண்டிருந்த ஒரு வழக்கம்தான் கைகொடுத்தது.

"ஏம்மா, ஞாயித்துக்கெழம பரஸ்தானம் வெச்சிட்டா போதாதா?" என்றேன்.

நல்ல நாளில் புறப்பட முடியாதவர்கள், அந்த நாளில் தங்கள் சாமான் ஒன்றை மூட்டையாகக் கட்டி, போகிற திசையில் இன்னொருவர் வீட்டில் வைத்துவிடுவார்கள். அதுதான் பரஸ்தானம். மூட்டை கிளம்பிவிட்டால் ஆளும் கிளம்பியதாகக் கணக்கு. அப்புறம் எந்தக் கிழமையில் வேண்டுமானாலும் புறப்பட்டு, வழியில் மூட்டையை எடுத்துக்கொண்டு போகலாம்.

"ஞாயித்துக்கெழம மூட்டய வெச்சிடலாம். செவ்வாக்கெழம அஞ்சு மணி மொத பஸ்ஸு. எட்டு மணிக்கு பிராட்வே. ஒம்பது மணிக்கு ஆர்பரு. அடுத்தவங்க வூட்ல எதுக்கு போய் தொந்தரவு குடுக்கணும்?"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு நைனாவிடம், "பாத்தியா, பி.ஏ. படிச்சாலும் புள்ள நம்ம வழக்கத்த மறக்கல" என்றாள். அவள் முகத்தில் இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

அக்கா மட்டும், "ஒரு நாளு முன்னாடி போய்ட்டா நல்லதில்லயாப்பா?" என்று கேட்டாள். "எனக்குத் தெரியாதா?" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவும் அக்காவும் மூட்டை கட்டினார்கள். "சும்மா ஒரு பழம்பொடவய வெச்சி ஏமாத்தக் கூடாது. எது இல்லாம போவ முடியாதோ அத வெக்கணும்" என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. நான் கவனிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் அம்மாவுக்குத் தெரிந்த ஓர் அம்மாள் வீடு இருந்தது. அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் குழந்தை எழுந்திருக்க மாட்டேன் என்று அழுதது. எழுந்ததும் வாந்தி எடுத்தது. ஜட்கா வந்து நின்று கால் மணி நேரம் ஆகிவிட்டது. ஏறி உட்கார்ந்து பாதி தூரம் போனபோது மணி ஐந்தாக ஐந்து நிமிஷம். அந்த அம்மாள் வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனையில் அக்கா, "மூட்டய எடுக்கணும்பா" என்றாள்.

"ஒரு பொடவைக்காக பஸ்ஸ வுடச் சொல்றியா? பார்சல்ல அனுப்பறேன். நீ நேரா ஓட்டுப்பா" என்று வண்டிக்காரரிடம் சொன்னேன்.

"இல்லப்பா, அதுல..."

"அக்கா, சும்மா இரு."

படித்த தம்பி, எல்லாக் காகிதத்தையும் தன் பையில் வைத்திருக்கிற தம்பி, அவனுக்குத் தெரியாததா என்று நினைத்திருப்பாள். பஸ்ஸைப் பிடித்துவிட்டோம். எனக்குத் தற்பெருமை தாங்கவில்லை.

துறைமுகக் கொட்டகையில் ஒன்பது மணிக்கு வரிசையில் நின்றோம். பாஸ்போர்ட், டிக்கெட், அனுமதிச் சீட்டு எல்லாவற்றையும் மேசைமேல் அடுக்கினேன். துறைமுக டாக்டர் புரட்டிப் பார்த்துவிட்டு, "அம்மை ஊசி, காலரா ஊசி போட்ட சர்டிபிகேட் எங்கே?" என்றார். பையைத் துழாவினேன். இல்லை. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மெதுவாகச் சொன்னாள். "அதத்தாம்பா பரஸ்தானத்துல வெச்சேன். அது இல்லாம போவ முடியாதுன்னு ஆஸ்பத்திரில சொன்னாங்க இல்ல?"

ஊசி போட்டதில் மூன்று நாள் அவள் கை வீங்கிக் கிடந்தது. அவளுக்கு அந்தக் காகிதம்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய காகிதம். அம்மா சொன்னபடி, எது இல்லாமல் போக முடியாதோ அதை வைத்திருக்கிறாள். வழக்கத்தை ஒழுங்காகச் செய்தவள் அவள். அதை வைத்து ஏமாற்றியவன் நான்.

"இங்கயே இன்னொரு ஊசி போட முடியாதா சார்?" என்று கேட்டேன்.

"இப்போ போட்டா ஆறு நாள் கழிச்சுத்தான் செல்லும். அந்த சர்டிபிகேட்டை ஒரு மணிக்குள்ள கொண்டாந்தா பார்க்கலாம்" என்றவர், தலையைத் தூக்காமலே, "வெளியூர்க்காரங்க ஒரு நாள் முன்னாடி வரக்கூடாதா?" என்றார்.

டிரங்குப் பெட்டியின்மேல் குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு நின்றோம். அப்போது நண்பன் வந்தான். வழியனுப்புவதற்காக ஒரு பையில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்திருந்தான். நடந்ததைக் கேட்டான். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"இதுக்கா இப்படிக் கப்பல் கவுந்த மாதிரி நிக்கிற? உங்க கடையிலதான் போன் இருக்கே. எதிர்ல தபாலாபீஸ்ல அர்ஜென்ட் டிரங்க் கால் போடு. உங்க கார்ல ஒரு ஆள ஏத்தி அனுப்பச் சொல்லு. பன்னெண்டரைக்கெல்லாம் வந்துடும்." பிறகு அக்காவைப் பார்த்து, "கவலைப்படாதீங்கக்கா. சொந்தக் கடை, சொந்தக் காரு, எதுக்குப் பயம்?" என்றான்.

அக்கா வாயைத் திறந்தாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்பது எனக்குத் தெரியும். "ஆமாப்பா, மொதலாளிக்கு போன் பண்ணு" என்றுதான். மொதலாளி நல்ல மனிதர். அக்கா கப்பலேறுகிறாள் என்று ஆசீர்வாதம் பண்ணிப் புடவை கொடுத்தவர். கேட்டால் நிச்சயம் அனுப்பியிருப்பார். ஆனால் "உங்க கடை" என்ற வார்த்தை அவள் காதில் விழுந்துவிட்டது. அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

"நீ அக்காகூட இரு, நான் போய்ப் பேசிட்டு வர்றேன்" என்று நண்பனிடம் சொல்லிவிட்டுத் தபாலாபீசுக்குப் போனேன்.

அங்கே நான் பேசவில்லை. போனுக்கு நின்ற வரிசையில்கூட நிற்கவில்லை. ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு யோசித்தேன். போனில் பேசுவதை நண்பன் கேட்கப் போவதில்லை. ஆனால் கார் வரும். காரில் கடைக் கணக்குப்பிள்ளை வருவார். வந்ததும் நண்பனிடம், "நம்ம தறிக்காரர் பொண்ணு சார்" என்று ஆரம்பிப்பார். இதைத்தான் அந்த அரைமணி நேரமும் திரும்பத் திரும்ப யோசித்தேன். மாமாவைப் பற்றி யோசித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. குழந்தையைப் பற்றியும் இல்லை.

திரும்பி வந்து, "லைன் கிடைக்கல" என்றேன்.

கார் கிளம்பியிருந்தாலும் நேரத்துக்கு வந்திருக்காது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். வழியில் ரயில்வே கேட் மூடியிருக்கும், டயர் வெடித்திருக்கும். வந்தும் இருக்கலாம். வந்திருக்கும்.

ஒரு மணிக்குக் கதவை மூடினார்கள். நண்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "வீட்டுக்கு வாங்கக்கா, குழந்தை துவண்டு போச்சு. சாப்பிட்டுப் படுத்து எழுந்து நாளைக்குப் போகலாம்" என்றான். அக்கா என் முகத்தைப் பார்த்தாள். "கடையைப் போட்டது போட்டபடி வந்திருக்கோம்டா, உடனே போகணும்" என்றேன். அவ்வளவு ஆன பிறகும் என் வாயில் அதுதான் வந்தது.

நாங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது விளக்கு வைக்கிற நேரம். தெருவே வாசலில் இருந்தது. முந்தின நாள்தான் அவர்கள் எல்லோரும் அக்காவுக்குப் பூ வைத்து வழியனுப்பியிருந்தார்கள். டிரங்குப் பெட்டியோடு அவள் திரும்பி நடந்து வந்ததைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். எங்கள் வீட்டு வாசலில் ஒரு முக்காலியின்மேல் அந்த மூட்டை இருந்தது. நாங்கள் எடுக்காமல் போய்விட்டதைப் பார்த்து அந்த அம்மாள் காலையிலேயே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். புறப்பட்ட மூட்டையை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்று அம்மா வெளியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் மாமாவுக்குக் கடிதம் எழுத வேண்டும். அக்காவுக்கு எழுதத் தெரியாது, அவள் சொல்லச் சொல்ல நான்தான் எழுதுவேன். "என்னன்னு எழுதறது?" என்றேன்.

"மூட்டய நான் மறந்துட்டேன்னு எழுது."

நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எழுதுப்பா. உம்மேல கோவம் வந்தா அவருக்கு மாறாது. எம்மேல வந்தா மாறிடும்."

எழுதினேன். என் கையெழுத்திலேயே, தெளிவாக, நிறுத்தி நிறுத்தி.

மறுபடி மனுப் போட்டு, புதுச் சீட்டு வர பதினோரு மாதம் ஆயிற்று. அந்தப் பதினோரு மாதமும் அக்கா தார் சுற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குப் போனால், "இன்னுமா போவல?" கோயிலுக்குப் போனால், "அங்க அவருக்கு வேற யாராவது..." என்று பாதியில் நிறுத்துவார்கள். அவள் சிரித்துக்கொண்டே, "எம் மறதி, யார சொல்றது" என்பாள். நான் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை கிடைத்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போய்வந்தேன். ஒரு நாளாவது அவளிடம் வாய் திறந்து மன்னிப்புக் கேட்டிருக்கலாம். அவளுக்குத் தெரியாது என்று நான் நம்புவதாக நடித்தேன். அவளும் தெரியாததுபோல் நடித்தாள்.

இரண்டாவது தடவை நாள் குறிக்கும்போது என்னை யாரும் கேட்கவில்லை. அக்காவே சொன்னாள். "ரெண்டு நாளு முன்னாடி போறோம். தம்பியோட சிநேகிதரு வூட்ல தங்கறோம்." எல்லாக் காகிதமும் இந்த முறை அவள் இடுப்பில் இருந்த சுருக்குப் பையில் இருந்தது.

மண்ணடி வீட்டில் நான் பயந்துகொண்டுதான் நுழைந்தேன். சாப்பிட்ட பிறகு நண்பனின் அம்மா வெற்றிலைத் தட்டை வைத்துக்கொண்டு அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். நான் கூடத்தில் பேப்பரைப் பிரித்துக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு அங்க பெரிய கடையாமே?"

"அவ்ளோ பெரிசுலாம் இல்லமா" என்றாள் அக்கா. "ஏதோ இருக்குது. கண்ணாடி பீரோ ரெண்டு, கல்லா கிட்ட ஒரு போனு. முகூர்த்த மாசத்துல கூட்டமா இருக்கும். நைனாதான் பாத்துக்கினு இருக்காரு."

"நீங்க கடைக்குப் போறதுண்டா?"

"எப்பனா போவேன்மா. எனக்கு அந்த வேலலாம் ஒண்ணும் தெரியாது."

தடுமாற்றமே இல்லை. பொய் வராது என்று நான் நினைத்த அக்கா. திரும்பிப் பார்த்தேன். வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, வெற்றிலையை இடது கையால் வாங்கக் கூடாதே என்று, தலைப்போடு சேர்த்து ஏந்தி வாங்கிக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு நாளும் அந்த வீட்டில் அவள் சாப்பிடும் நேரம் தவிர அந்தக் கையை வெளியே காட்டவில்லை.

கப்பல் கிளம்பும் நாள் எல்லாம் சரியாக நடந்தது. டாக்டர் முத்திரை குத்தினார். நண்பன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கப்பலைக் காட்டப் போயிருந்தான். ஏணிக்குப் போகிற வரிசைக்குப் பக்கத்தில் அக்காவும் நானும் மட்டும் நின்றோம். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவளே பேசினாள், கோபமே இல்லாமல், புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டே.

"அந்தம்மா கிட்ட நான் சரியாதானேப்பா சொன்னேன்?"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

"போன தரமே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல? அப்பவும் இதத்தான் சொல்லியிருப்பேன். ஒரு நாளு முன்னாடியே வந்திருக்கலாம்."

நண்பன் குழந்தையோடு திரும்பி வந்தான். அவள் குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.